கறிவேப்பிலைமேல் இருப்பது காக்கா எச்சமா, புழுவா?

7 அக்டோபர் 2023 – ஒரு வாசகரின் கேள்வி

மொட்டைமாடியில் தொட்டியில் இரண்டு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறேன். இலைமேல் காக்கா எச்சம் மாதிரி ஐந்தாறு இடத்தில் இருந்தது. தண்ணீர் பீய்ச்சினாலும் போகவில்லை. குச்சியால் தட்டினேன். தலைப்பக்கம் இரண்டு கொம்பு நீட்டியது, ஒரு மாதிரி வாடையும் வந்தது. விஷப் பூச்சியா? வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

8 அக்டோபர், காலை

அடிக்காதீர்கள். விஷமில்லை, கடிக்காது, அரிக்காது. கம்பளிப்பூச்சிக்குத்தான் அரிக்கிற முடி உண்டு. இதன் உடம்பு வழவழப்பானது. வண்ணத்துப்பூச்சியின் புழு இது. நம் பக்கம் கறிவேப்பிலையைத் தேடி வருபவை முக்கியமாக இரண்டு: கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி. இரண்டின் புழுவும் சின்ன வயதில் பறவை எச்சம் போலத்தான் இருக்கும். பழுப்பு உடம்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, ஈரம் காயாத மாதிரி ஒரு பளபளப்பு.

அந்த வேடம் பறவைக்காக. எச்சத்தை எந்தப் பறவை தின்னும்? அதனால் புழு இலைமேல் வெட்டவெளியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. பறவைதான் அதற்கு எதிரி, பறவையை ஏமாற்றிவிட்டால் பிழைத்துவிடும்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். கொல்லையில் ஆளுயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை நிற்கிறது. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுப் போய் எண்ணினேன். ஆறு முட்டை, ஐந்து எச்சப்புழு. ஆக 11. என்ன ஆகின்றன என்று பார்த்து எழுதுகிறேன்.

8 அக்டோபர், இரவு

காலையில் அவசரமாக எழுதினேன். முட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாக, பெரும்பாலும் துளிரில் இருக்கும். கடுகைவிடச் சிறியது, வெளிர் மஞ்சள். தாய்ப்பூச்சி இலையில் வந்து உட்கார்ந்ததும் முன்னங்காலால் படபடவென்று தட்டும். தட்டித்தான் ருசி பார்க்கிறது, ருசியறியும் உறுப்பு அதற்குக் காலில் இருக்கிறது. கறிவேப்பிலைதான் என்று உறுதியானால் வயிற்றை வளைத்து ஒரு முட்டை ஒட்டிவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே இலையில் வைத்தால் ஒரு எறும்பு போதும், வம்சமே போய்விடும்.

மூன்று நான்கு நாளில் புழு வெளியே வரும். வந்ததும் முதல் சாப்பாடு அந்த முட்டை ஓடுதான். அப்புறம் துளிர். தண்ணீர் தனியாகக் குடிப்பதில்லை, இலையில் இருக்கிற ஈரம் போதும். வீடு, சாப்பாடு, தண்ணீர் மூன்றும் ஒரே இலை. சிக்கலும் அங்கேதான். சாப்பாட்டின்மேலேயே குடியிருப்பவனை எங்கே தேடுவது என்று எல்லோருக்கும் தெரியும்.

11 அக்டோபர்

"பறவைகள் அவ்வளவு முட்டாளா, பக்கத்தில் பார்த்தால் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

இதில் இரண்டு விதம் உண்டு. இலைமேல் பச்சையாக இருந்து கண்ணில் படாமலே இருப்பது ஒன்று. கண்ணில் நன்றாகப் பட்டும், வேறு ஏதோ என்று நினைக்க வைப்பது இன்னொன்று. இந்தப் புழு செய்வது இரண்டாவதை. பறவை அதைப் பார்க்காமல் இல்லை. பார்க்கிறது, எச்சம் என்று முடிவு கட்டுகிறது, பறந்துவிடுகிறது. நாள் முழுக்க நூறு இலை புரட்டி வயிற்றை நிரப்ப வேண்டிய தையல்சிட்டுக்கு ஒவ்வொரு எச்சத்தையும் கிட்டப் போய்ச் சோதிக்க நேரம் ஏது?

ஆனால் இந்த வேடத்துக்கு ஒரு அளவு உண்டு. புழு விரல் நீளம் வளர்ந்துவிட்டால் அவ்வளவு பெரிய எச்சத்தை எந்தச் சிட்டும் போடாது. அதனால் நான்காவது முறை தோலுரிக்கும்போது ஆளே மாறிவிடுகிறது. எங்கள் செடியில் ஒன்று இன்று காலை மாறியது. முதலில் உடம்பு இறுகியது மாதிரி அசையாமல் கிடந்தது. தலைக்குப் பின்னால் தோல் பிளந்தது. பழுப்புத் தோல் கசங்கிய காலுறை போலப் பின்பக்கம் சுருண்டு போக, உள்ளேயிருந்து பச்சைப் புழு நழுவி வந்தது. அரை மணி நேரத்தில் அதே இலையின் நிறத்துக்கு வந்துவிட்டது. கழற்றிய தோலைத் திரும்பி நின்று தின்றும் விட்டது.

இந்த மாற்றத்தை இளமை ஹார்மோன் என்ற சுரப்பு நடத்துகிறது என்று 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவர், இதன் உறவுக்காரப் பூச்சி ஒன்றில் காட்டினார்கள். அந்தச் சுரப்பு குறைந்தால் அடுத்த தோல் பச்சை. குறையும் முன்பே வெளியிலிருந்து ஹார்மோனைத் தடவிவிட்டால் பச்சைக்குப் பதிலாக மறுபடி எச்ச வேடமே வருகிறது.

11 அக்டோபர், சற்று நேரம் கழித்து

பச்சைப் புழுவின் "முகம்" பற்றி மகள் ஒன்று கண்டுபிடித்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள், என்னைவிடக் கூர்மையான கண். தோளில் புடைத்து நிற்கிற இடத்தில் இரண்டு கண் தெரிகிறதே, அது கண்ணே இல்லை, வெறும் புள்ளி. நிஜத் தலை சின்னதாக, அதற்கு அடியில் மடிந்து இருக்கிறது. இலை விளிம்பைக் கறும்பும்போதுதான் வெளியே தெரியும். மேலேயிருந்து பார்த்தால் குட்டிப் பச்சைப்பாம்பு எட்டிப் பார்ப்பது போலவே இருக்கிறது. "அம்மா, இது முகத்தைத் தோளில் வைத்திருக்கிறது" என்றாள்.

14 அக்டோபர்

கொம்பு பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். தலைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு மடிப்பு. அதற்குள் சுருட்டி வைத்திருக்கிற, இரண்டாகப் பிரிந்த ஒரு பை அது. தொந்தரவு செய்தால் உள்ளேயிருக்கும் நீரின் அழுத்தத்தில் பலூன் போல வெளியே பிதுங்கும். அபாயம் போனதும் மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். பச்சைப் புழுவில் நல்ல சிவப்பு.

மோந்து பார்த்தேன். சின்னப் புழுவின் வாடை இலையைக் கசக்கினால் வருவது போல, பச்சைக் காரம். பெரிய புழுவின் வாடை முற்றிலும் வேறு, ஊசிப்போன வெண்ணெய். இது என் மூக்கின் கற்பனை இல்லை. சின்ன வயதில் அந்தச் சுரப்பில் இலை எண்ணெய் வகைகள் அதிகம். கடைசிப் பருவத்தில் ஐசோபியூட்ரிக் அமிலமும் அதன் உறவுகளும். கெட்டுப்போன வெண்ணெயின் வாடை இந்தக் குடும்பத்து அமிலங்களால்தான் வருகிறது. ஜப்பானியர்கள் 1980களிலேயே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வேடம் மாறுகிற அதே நாளில் வாடையும் மாறுகிறது என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

யாருக்காக இந்த வாடை? கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தண்டில் மாவுப்பூச்சி இருக்கிறது. அதன் தித்திப்புக்காகக் கட்டெறும்பு ஏறும். ஒரு எறும்பு புழுவின் பின்பக்கம் கடித்தது. புழு உடம்பை வில்லாக வளைத்துக் கொம்பை அந்த எறும்பின்மேல் ஒற்றியது. எறும்பு அப்படியே தெறித்துப் பின்வாங்கி, நின்ற இடத்திலேயே தலையையும் மீசையையும் துடைக்க ஆரம்பித்தது. இரண்டு நிமிடம் துடைத்துக்கொண்டே இருந்தது. அப்புறம் வேறு கிளைக்குப் போய்விட்டது.

சரி, எறும்புக்கு வேலை செய்கிறது. பறவைக்கு? இன்று மதியம் ஒரு செம்போத்து மதில்மேல் நடந்து வந்தது. பச்சைப் புழுக்களில் பெரியதை ஒரே கவ்வு. கொம்பு நீண்டதைக்கூடப் பார்த்தேன். செம்போத்து அதைச் சட்டை செய்யவில்லை. மதிலில் இரண்டு அடி அடித்துவிட்டு விழுங்கியது. கண் புள்ளியும் பயன்படவில்லை, பாம்பையே தின்கிற பறவைக்குப் பாம்பு முகத்தைக் காட்டி என்ன பயன்?

17 அக்டோபர்

இன்றைய கணக்கு நான்கு. ஒன்பது நாளைக்கு முன் 11.

ஆறு முட்டையில் ஒன்று பொரியாமல் கருத்துவிட்டது. இரண்டு, இருந்த தடமே இல்லை. மூன்று பொரிந்தன, அவற்றில் இரண்டு குஞ்சு இரண்டே நாளில் காணாமல் போயின. எச்சப்புழு ஐந்தில் ஒன்று செம்போத்துக்குப் போனது. இன்னொன்றைக் குளவி கொண்டுபோனது, இதைக் காலையில் பார்த்தேன். ஓடு வேய்ந்த பழைய குளியலறையின் இறவாரத்தில் காகிதக் கூடு கட்டியிருக்கிற குளவி. வந்து இலை இலையாகத் தடவிக்கொண்டே பறந்தது. புழுமேல் மீசை பட்டதும் நின்றது. அங்கேயே கடித்துத் துண்டாக்கி, பச்சை உருண்டையாகப் பிசைந்து தூக்கிக்கொண்டு போனது. மீதி மூன்று பச்சைப் புழு. பொரிந்ததில் மிஞ்சிய ஒரு சின்ன எச்சப்புழு.

8ஆம் தேதி "பறவைதான் எதிரி, பறவையை ஏமாற்றிவிட்டால் பிழைத்துவிடும்" என்று எழுதினேன். தப்பு. திருத்திக்கொள்கிறேன். நாம் கண்ணால் வாழ்கிறவர்கள், அதனால் கண்ணை ஏமாற்றுகிற வித்தை மட்டும் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. எறும்புக்கும் குளவிக்கும் மீசைதான் கண். எச்ச வேடத்தின் நிறம் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

கருத்த முட்டை பற்றி: அதற்குள் வேறொருவர் இருக்கிறார். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத முட்டை ஒட்டுண்ணிக் குளவி, தன் முட்டையை இந்த முட்டைக்குள் வைத்துவிட்டது. கரும்பு போட்டவர்களுக்கு இந்த வகை நன்றாகத் தெரியும், டிரைக்கோகிரம்மா. தண்டைத் துளைக்கிற இடைக்கணுப் புழுவுக்காக, இந்தக் குளவி உள்ளே வளர்கிற முட்டைகளை அட்டையில் ஒட்டித் தருவார்கள். சித்தப்பா வயலில் சோகையின் அடியில் அந்த அட்டையைக் கட்டியது நான்தான், பள்ளி விடுமுறையில். கரும்பில் அதை "நன்மை செய்யும் பூச்சி" என்று சொல்லிக் கட்டினேன். கறிவேப்பிலையில் அதே இனத்தாரைப் பார்த்து மனம் கலங்குகிறேன். பூச்சி மாறவில்லை. நான் யார் பக்கம் நிற்கிறேன் என்பதுதான் மாறியிருக்கிறது.

18 அக்டோபர்

"பல்லி வால் விடுவது போலத்தானே இந்தக் கொம்பும்?" என்று கேட்டவருக்கு: இல்லை, விலை வேறு. கொம்பு உள்ளே போய்விடும், சுரப்பு மறுபடி ஊறும். பல்லி தன் கையிருப்பையே விட்டுவிட்டு ஓடுகிறது. வாலில்தான் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும், இரை கிடைக்காத நாளுக்கு. அந்த வால் துடித்து எதிரியின் கண்ணை இழுக்கிற நேரத்தில் உயிர் தப்பிவிடுகிறது. மறுபடி முளைக்கிற வாலுக்குள் எலும்பு இருக்காது, குருத்தெலும்புக் குழல்தான். வீட்டில் பாருங்கள், புது வாலின் நிறமும் செதிலும் பழையதோடு ஒட்டாது, ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரியும்.

எங்கள் சமையலறைப் பல்லி ஒன்றுக்கு அப்படி ஒரு வால் இருக்கிறது. விளக்கடியில் ஈசல் வரும் நாட்களில் அது தின்கிற வேகத்தைப் பார்த்தால் இழந்ததைத் திரும்பச் சேர்க்கிறது என்று தோன்றும்.

19 அக்டோபர்

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். "முட்டையை வெட்டவெளியில் வைக்கிற பறவை உண்டா?" என்று ஒரு கேள்வி. ஆள்காட்டி. கொள்ளிடத்து மணலில் சித்திரை மாதம் அதன் முட்டையைப் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதைவிட, மிதிக்கப் போனேன் என்பதே சரி. கூடு என்று ஒன்றும் இல்லை. சின்னப் பள்ளம், சுற்றிக் கொஞ்சம் கூழாங்கல், நடுவில் நான்கு முட்டை. மணல் நிறத்தில் கரும்புள்ளி. கண்ணை அகற்றிவிட்டுத் திரும்பப் பார்த்தால் எங்கே என்று தேட வேண்டும்.

அதற்கு எதிரி நரியும் காகமும் மட்டும் இல்லை, வெயிலும்தான். நண்பகலில் மணல் கால் சுடும், முட்டை வெந்துவிடும். தாய் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமரும். ஆனால் எழுந்து போகிற ஒவ்வொரு தடவையும் முட்டை இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கிற அபாயம். போகாவிட்டால் வெயில், போனால் காகம். கறிவேப்பிலைப் புழு அனுபவிக்கிற இக்கட்டேதான், தின்னாவிட்டால் வளர முடியாது, தின்றால் இலையில் தடம் விழும்.

அந்தத் தடம் சாதாரணமில்லை. பெர்ன்ட் ஹைன்ரிக் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1983இல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். நம் பட்டாணிக் குருவிக்கு உறவான வட அமெரிக்கச் சிட்டுகள், கறும்பிய இலை உள்ள கிளையைக் கண்டதும் அங்கே புழு இருக்கும் என்று கற்றுக்கொண்டன. புழுவே கண்ணில் பட வேண்டாம், அது சாப்பிட்ட மிச்சம் போதும்.

21 அக்டோபர்

நேற்று இரவு நல்ல மழை. காலையில் சின்ன எச்சப்புழு இல்லை, அது இருந்த இலையே இல்லை.

பச்சைப் புழு மூன்றும் செடியைவிட்டு இறங்கிவிட்டன. முதலில் வயிற்றைக் காலி செய்கின்றன. அதுவரை மிளகு மாதிரி உலர்ந்து விழுந்த கழிவு, கடைசியாக ஈரமாக ஒன்று. அப்புறம் நடைதான். இருபது நாளாக ஒரு கிளையைத் தாண்டாத புழு மதில், தரை, தொட்டி என்று விறுவிறுவென்று போகிறது. நேற்று எழுதிய சோதனையை நினைத்தால் இந்த நடைக்குக் காரணம் புரிகிறது. கறும்பிய இலைக்குப் பக்கத்தில் பத்து நாள் கூட்டுப்புழுவாகத் தொங்குவது ஆபத்து.

ஒன்று செடியின் கீழ்க்கிளையிலேயே நின்றுவிட்டது. ஒன்று கொல்லைச் சுவரில் ஏறிச் சாய்ந்துகொண்டது. வால் நுனியைப் பட்டுத் திண்டில் கொக்கி போட்டு, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு பட்டு நூல், மின்கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் வார்ப்பட்டையில் சாய்ந்து நிற்பாரே, அதே சாய்வு. மூன்றாவது எங்கே போனது என்று தெரியவில்லை. நானும் மகளும் டார்ச் வைத்துத் தேடினோம்.

21 அக்டோபர், இரவு

"நேற்று எழுதிய சோதனை" என்று எழுதிவிட்டேன், 19ஆம் தேதி எழுதியது. "இருபது நாளாக" என்பதும் உத்தேசம். முட்டையிலிருந்து நான் பார்த்தது மூன்றைத்தான், அவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை.

23 அக்டோபர், ஆயுத பூஜை

மனம் சரியில்லை. நேற்று பூஜைக்காகக் கொல்லைச் சுவரை ஒட்டடைக் கோலால் தட்டினேன். சுவர்க் கூட்டுப்புழு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோலின் மறுமுனை பட்டு நூல் அறுந்து அது தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். உடையவில்லை, நீர் கசியவில்லை. பூத்தொடுக்கிற நூலால் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, வால் நுனியை ஒரு குச்சியில் கட்டி, அதே சுவரில் அதே சாய்வில் பொருத்தி வைத்திருக்கிறேன். இன்று பூஜையில் அரிவாள்மணையோடு ஒட்டடைக் கோலுக்கும் அம்மா பொட்டு வைத்தார். நான் கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

26 அக்டோபர்

செடியில் இருக்கிற கூட்டுப்புழு பச்சை. சுவரில் இருப்பது பழுப்பு, காரை பெயர்ந்த சுவரின் அதே அழுக்குப் பழுப்பு. ஒரே தாயின் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம். புழுவுக்குத் தன் முதுகு தெரியாது, கண்ணாடி கிடையாது. பின் எப்படி?

உட்காருகிற இடத்தின் தன்மைதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. வழுவழுப்பான பசுந்தண்டா, சொரசொரப்பான காய்ந்த பரப்பா என்று உடம்பு தடவி அறிகிறது. சொரசொரப்பு என்றால் பழுப்பு. தோலை உரிக்கும் முன்பே, நூல் கட்டிச் சாய்ந்திருக்கிற அந்த ஒரு நாளில் இது முடிவாகிவிடுகிறது. அப்புறம் மாற்ற முடியாது. யாராவது எடுத்துப் பச்சை இலையில் ஒட்டினால் பழுப்பு பழுப்பாகவே காட்டிக்கொடுக்கும். விழுந்ததை அதே சுவரில் பொருத்தியது இந்தக் காரணத்தால்தான்.

1 நவம்பர்

வந்துவிட்டாள்!

நேற்று மாலையே பச்சைக்கூடு கருத்து, ஓட்டுக்குள் இறகின் வெள்ளையும் சிவப்பும் தெரிந்தன. இன்று காலை ஏழு மணிக்கு முன் வெளியே வந்து, காலிக்கூட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். இறகு நனைந்த துணி மாதிரி. வயிற்றிலிருந்து நீரைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு நரம்பாக விரித்தாள். சிவந்த கழிவு இரண்டு சொட்டு கீழே விழுந்தது. எட்டரைக்கு முழு இறகு. ஒன்பதேகாலுக்குக் கொய்யா மரத்தைத் தாண்டிவிட்டாள்.

நான் படத்தைப் போட்டதும் மூன்று பேர் "இது ரோஜா அழகி, நீங்கள் புழுவைத் தவறாகச் சொல்லிவிட்டீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கண்ணில் தவறில்லை. கருத்த இறகு, பின்னிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறை, வால். எல்லாம் ரோஜா அழகிதான். உடம்பைப் பாருங்கள். ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பு. இவளுக்குக் கறுப்பு. இவள் கறிவேப்பிலை அழகி, இறகு மட்டும் இரவல்.

1 நவம்பர், இரவு

எதற்கு இரவல் வாங்க வேண்டும்? ரோஜா அழகியின் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளையும் அதன் இனத்துக் கொடிகளும். பெயரைப் பாருங்கள், எதையும் மேய்கிற ஆடே வாய் வைக்காது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் புழுவின் உடம்பில் தங்கி, இறகு முளைத்த பிறகும் கூடவே இருக்கிறது. ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை அந்தக் கசப்பை அந்த நிறத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் ரோஜா அழகி அவசரமே இல்லாமல் பறக்கிறது. (இதே அமிலம் மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். பெரியவர்கள் சொன்னார்கள் என்று அந்தக் கொடியை அரைத்துக் குடிக்காதீர்கள்.)

கறிவேப்பிலை தின்று வளர்ந்தவளிடம் அந்தக் கசப்பு இல்லை, சட்டை மட்டும் இருக்கிறது. விஷமில்லாதது விஷமுள்ளதன் உருவில் திரிவதை அமேசான் காட்டுப் பூச்சிகளில் பார்த்து 1862இல் எழுதியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். நம் கறிவேப்பிலை அழகியின் வெவ்வேறு பெண்கள் ஒரே இனம்தான் என்று 1865இல் விளக்கியவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். நம் பக்கம் பெண்களில் மூன்று உரு உண்டு. ஆண் போலவே பின்னிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு ஒன்று, ரோஜா அழகி உருவில் ஒன்று, சிவப்புடல் அழகி உருவில் ஒன்று. 2014இல் பெங்களூரைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டேயும் மற்றவர்களும் இந்த மூன்றையும் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே மரபணு என்று கண்டார்கள். பூச்சிகளில் ஆண் பெண் வேற்றுமையை அமைக்கிற மரபணுவே அது.

"அவ்வளவு நல்ல சட்டை என்றால் எல்லோருமே ஏன் போடவில்லை?" என்று மகள் கேட்டாள். போலி பெருகினால் பறவை கொத்துகிற பூச்சியில் பாதி ருசியாக இருந்துவிடும், அப்புறம் அந்த நிறத்துக்கு யார் பயப்படுவார்கள்? நிஜம் நிறைய இருக்கிற ஊரில்தான் போலி செல்லும். மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம், எங்களுக்குப் பக்கம். போனால் உடம்பின் நிறத்தைப் பாருங்கள், இறகைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

5 நவம்பர்

சுவரில் கட்டி வைத்த கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரவில்லை. இன்று காலை பக்கவாட்டில் குண்டூசி குத்தியது போல ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கடுகளவே இருக்கிற பச்சைமின்னும் குளவிகள் ஒவ்வொன்றாக வந்தன. மகள் 43 வரை எண்ணினாள், அப்புறம் பள்ளிப் பாடம் இருந்தது, விட்டுவிட்டோம்.

இந்தக் குளவி வேலை செய்கிற நேரம் தெரிந்தபோது எனக்கு வாயடைத்துப் போனது. கூட்டுப்புழுவின் ஓடு இறுகிவிட்டால் அதன் ஊசி இறங்காது. அதனால் புழு நூல் கட்டிச் சாய்ந்திருக்கும்போதே வந்து காத்துக்கொண்டிருக்கும். கடைசித் தோல் உரிந்து, புது ஓடு இன்னும் மெழுகு போல இருக்கிற சில மணி நேரத்தில் முட்டைகளை உள்ளே இறக்கிவிடும். அப்படியென்றால் நான் கோலால் தட்டியபோதே அது முடிந்துபோன கதை. பதினான்கு நாளாக நான் காவல் காத்தது குளவிக் குஞ்சுகளை. கோபம் வரவில்லை. அவையும் சாப்பிட்டாக வேண்டும், அவையும் ஒளிய வேண்டியிருந்தது, ஒளிவதற்கு அந்தப் பழுப்பு ஓட்டைவிட நல்ல இடம் எது?

"டப்பாவில் வைத்து வளர்த்திருந்தால் பதினொன்றும் பிழைத்திருக்குமே" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் குழந்தைகளுக்குக் காட்ட ஒன்றிரண்டு வளர்ப்பது நல்லது, நானே செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இறவாரக் குளவி என் கத்தரிச் செடிப் புழுவையும் தூக்கிப் போகிறது. அதன் குஞ்சுக்கு யார் ஊட்டுவது? செம்போத்தை விரட்டவும் எனக்கு மனமில்லை.

8 நவம்பர்

கணக்கு மாறுகிறது. 11இல் ஒன்று என்று எழுதி முடிக்க இருந்தேன்.

இன்று அம்மா துளசி மாடத்துக்குக் கோலம் போடக் குனிந்தபோது, மாடத்து விளிம்பின் அடியில் "இது என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்று கூப்பிட்டார். காலிக்கூடு. பழுப்பு. தலைப்பக்கம் நேராகப் பிளந்திருந்தது, ஊசி ஓட்டை எங்கும் இல்லை. பட்டு நூல் இன்னும் இடுப்பில் இருந்தது. மூன்றாவது புழு! செடியிலிருந்து பதினெட்டு அடி, அளந்து பார்த்தோம். தினமும் காலையில் நாங்கள் தண்ணீர் ஊற்றி, மாலையில் விளக்கு வைக்கிற இடம். இரண்டு வாரத்துக்கு மேல் மூன்று பேர் கண்ணுக்கு எட்டுகிற இடத்திலேயே இருந்துவிட்டு, என்றைக்கோ ஒரு நாள் காலை யாரும் பார்க்காமல் கிளம்பிப் போயிருக்கிறது.

மகள் அந்தக் கூட்டைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

9 நவம்பர்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "செடி மொட்டையாகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறார். ஆளுயரச் செடிக்கு ஒன்றும் ஆகாது, தின்ற இடத்தில் பக்கக்கிளை விட்டு அடர்த்தியாக வரும். தொட்டியில் ஒரு முழம் மட்டுமே இருக்கிற கன்று என்றால் ஐந்து புழு அதைக் குச்சியாக்கிவிடும். அப்போது புழுவை இலையோடு எடுத்துப் பெரிய கறிவேப்பிலைக்கோ எலுமிச்சைக்கோ மாற்றுங்கள். இரண்டு அழகியும் எலுமிச்சை இலையையும் தின்னும். வேப்பெண்ணெய் அடித்தால் அந்த இலையைக் குழம்பில் போடுகிறவரும் நீங்கள்தான், அதையும் யோசியுங்கள்.

12 நவம்பர், தீபாவளி

வெடிச்சத்தத்தில் கொல்லைப் பக்கம் ஒரு குருவிகூட இல்லை. ரசத்துக்கு ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை கேட்டு அம்மா என்னை அனுப்பினார். கிழக்குக் கிளையில் புதுத் துளிர் விட்டிருக்கிறது. பறிக்கப் போனேன், ஓரத்து இலையில் ஒரு முட்டை. வெளிர் மஞ்சள். மேற்குக் கிளையிலிருந்து ஒடித்துக் கொடுத்துவிட்டேன்.

14 நவம்பர்

இன்னும் கருக்கவில்லை.